செத்துப்போன கலியமூர்த்தி மேல் எனக்கொரு பொறாமை

தம்பி,

நீ நல்லபடியாகப் போய்ச் சேர்ந்துவிட்டதாக உன் அம்மாவுக்கு மெசேஜ் வந்ததாம். எனக்கு வரவில்லை. அதனால் நானே எழுதுகிறேன். போனில் கூப்பிட்டால் "ம்" என்பாய், "சரிப்பா" என்பாய், "அப்புறம் பேசுறேன்" என்பாய். இதையே கேட்டுக் கேட்டு எனக்கு அலுத்துவிட்டது. காகிதத்தில் எழுதினால் நடுவில் நீ வெட்டிவிட முடியாது. படித்துவிட்டுக் கிழித்துப் போட்டாலும் சரி, ஆனால் முழுதாகப் படி. அறுபது முடிந்த மனுஷன் கேட்கிறான் என்று நினைத்தாவது படி.

முதலில் விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். எனக்குக் கலியமூர்த்தி மேல் பொறாமை. சிரிக்காதே. அவன் செத்து ஒரு வருஷம் ஆகிவிட்டது, திவசமும் கொடுத்துவிட்டார்கள். இருந்தாலும் அவன் பேச்சை எடுத்தாலே எனக்கு வயிறு எரிகிறது. உயிரோடு இருக்கிற ஒருவன் மேல் பொறாமைப்பட்டால் நாலு பேரிடம் அவனைப் பற்றிக் குறை சொல்லி ஆற்றிக்கொள்ளலாம். செத்தவனைப் பற்றி அப்படிப் பேசவும் முடியாது. உன் அம்மாவிடம் ஒருநாள் வாய்விட்டுச் சொன்னதற்கு, "உங்களுக்கு வேற வேலையே இல்லையா?" என்று கேட்டுவிட்டு அரிசி களையப் போய்விட்டாள்.

நீ செய்கிற வேலையை நான் ஊரில் இன்னும் ஒழுங்காகச் சொன்னதில்லை. பையன் என்ன பண்ணுகிறான் என்று கேட்டால் ஆராய்ச்சி என்பேன். எதைப் பற்றி என்றால் மழையைப் பற்றி என்பேன். அவர்களும் நீ வானிலை சொல்கிற ஆள் என்று நினைத்துக்கொண்டு, "இந்த வருஷம் புயல் இருக்குங்களாமா?" என்று கேட்டுவிட்டுப் போவார்கள். மழையாலும் காற்றாலும் இடியாலும் செத்தவர்கள் வீட்டுக்குப் போய், எப்படிச் செத்தார், எதனால் செத்தார் என்று உட்கார்ந்து கேட்டு எழுதுகிறான் என்று எப்படிச் சொல்வது? உனக்குப் பெண் பார்த்துக்கொண்டிருக்கிற நேரம் வேறு. நீ ஒருமுறை எனக்குப் பொறுமையாக விளக்கினாய். வெள்ளம் அடித்துக்கொண்டு போனவரைத்தான் வெள்ளத்தில் செத்தவர் என்று எழுதுகிறார்கள். அறுந்து கிடந்த கம்பியை மிதித்தவர், வரப்பை வெட்டப் போய் விழுந்தவர், தண்ணீர் சூழ்ந்து ஆஸ்பத்திரிக்குப் போக முடியாதவர் எல்லாம் வேறு கணக்கில் போய்விடுகிறார்கள். அந்த மழை பெய்யாமல் இருந்திருந்தால் இந்த ஆள் இன்றைக்கு இருந்திருப்பாரா என்று வீடு வீடாகக் கேட்டால்தான் அடுத்த மழையில் யாரை எப்படிக் காப்பாற்றலாம் என்று தெரியும் என்றாய். நல்ல வேலைதான், நான் இல்லை என்று சொல்லவில்லை. புத்திக்குப் புரிகிறது. வயிற்றுக்குத்தான் இன்னும் புரியவில்லை.

கலியமூர்த்தியை நீ அறிவதற்கு முன்பே எனக்குத் தெரியும். மன்னார்குடி போகிற வழியில் வடிகாலை ஒட்டினாற்போல் அவன் ஊர். அவனுக்கும் எனக்கும் ஒரே கொள்முதல் நிலையம். ஒரு ஐப்பசியில் குறுவை நெல்லைக் கொட்டிவிட்டு எடை போடக் காத்துக் கிடந்தோம். என் குவியல் முன்னால், அவன் குவியல் பின்னால். நான் டீ குடிக்கப் போய்த் திரும்புவதற்குள் அவன் நெல் தராசுக்குப் போய்விட்டது. கேட்டதற்கு, "நீங்க இல்லைங்களேன்னு பாத்தேங்க, மானம் வேற கறுத்துக்கிட்டு வருதே" என்று சிரித்தான். அன்று சாயங்காலம் பிடித்த மழை விடவே இல்லை. அவன் நெல் ஏறிவிட்டது, என் நெல் தார்ப்பாய்க்கு அடியில் முளைவிட்டது. பிறகு அவன் வந்து மன்னிப்புக் கேட்டான், தன் தார்ப்பாயை எனக்குக் கொடுத்தான் என்றெல்லாம் நீ நினைத்துக்கொள்ளாதே. ஒன்றும் கொடுக்கவில்லை. அதற்குப் பிறகும் பஸ் ஸ்டாண்டில் என்னைப் பார்த்தால் அதே சிரிப்புத்தான். அன்றைக்கு எனக்கு முன்னால் போனவன் செத்த பிறகும் எனக்கு முன்னால் நிற்கிறான்.

போன மாசி மாதம் நீ லீவில் வந்திருந்தபோது, "அப்பா, பைக்ல என்னை ஒரு இடத்துல எறக்கி விட்டுடுங்க" என்றாய். எனக்கு ஒரே சந்தோஷம். நீயும் நானும் சேர்ந்து பைக்கில் போய் எத்தனை வருஷம். போய் நின்றது கலியமூர்த்தி வீடு. உள்ளே வராதீர்கள், வெளி ஆள் இருந்தால் அவர்கள் மனம்விட்டுப் பேசமாட்டார்கள் என்று சொல்லிவிட்டுப் போனாய். நான் வெளி ஆள் ஆகிவிட்டேன். சரி என்று மாட்டுக்கொட்டகையில் அவன் பசுவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன். கீற்றுத் தடுப்புத்தான் நடுவில், நீங்கள் பேசியது எல்லாம் காதில் விழுந்தது. ஒட்டுக் கேட்கவில்லை, உட்கார வேறு இடம் இல்லை.

நீ எடுத்த உடனே எதுவும் கேட்கவில்லை. "உங்களுக்கு எங்கேருந்து சொல்லத் தோணுதோ அங்கேருந்து சொல்லுங்கம்மா" என்று சொல்லிவிட்டுப் பேசாமல் இருந்தாய். அந்த அம்மா அழுதார், நிறுத்தினார், கன்றுக்குட்டியைப் பற்றி என்னவோ சொன்னார், மறுபடி அழுதார். நீ ஒரு இடத்திலும் "சரி சரி, மேல சொல்லுங்க" என்று அவசரப்படுத்தவில்லை. அவர் முடித்த பிறகுதான் ஒவ்வொன்றாகக் கேட்டாய். அன்றைக்குக் காலையில் என்ன சாப்பிட்டார், உடம்புக்கு ஏதாவது இருந்ததா, முந்தின நாள் தூங்கினாரா, யாரிடமாவது வருத்தமாகப் பேசினாரா, என்ன சட்டை போட்டிருந்தார். பழையதும் நார்த்தங்காய் ஊறுகாயும் சாப்பிட்டானாம். இடது முட்டி வலிக்கிறது என்று கொஞ்ச நாளாகச் சொல்லிக்கொண்டிருந்தானாம். பயிர் மூழ்கிக் கிடக்கிறதே என்று காலையிலிருந்து வாசலுக்கும் கொல்லைக்கும் நடந்துகொண்டே இருந்தானாம். "கெளம்புறப்ப என்ன சொன்னாரும்மா?" என்று நீ கேட்டபோது உன் குரல் எவ்வளவு மெல்லியதாகிவிட்டது தெரியுமா? அந்தக் குரல் உனக்கு இருக்கிறது என்றே எனக்கு அதுவரை தெரியாது.

"எப்பவும் சொல்றதுதான் தம்பி. ஒரு எட்டு வயலைப் பாத்துட்டு வந்துடுறேன்னாரு" என்றார் அந்த அம்மா.

வடிய விடலாம் என்று மடையை வெட்டப் போனவன். கரை உள்வாங்கி வடிகாலில் விழுந்துவிட்டான். மறுநாள் காலையில் மதகுக்குப் பக்கத்தில் காட்டாமணக்குப் புதரில் சிக்கியிருந்ததைப் பார்த்தார்கள். கால் தவறி விழுந்ததாகத்தான் எழுதியிருக்கிறார்களாம், மழை என்ற சொல்லே அதில் இல்லையாம். கேட்டுக்கொண்டிருந்த எனக்குக் கண் கலங்கியது உண்மை. அதே நேரத்தில் இன்னொன்றும் தோன்றியது, அதையும் மறைக்காமல் எழுதுகிறேன். எனக்கும்தான் இடது முட்டி வலிக்கிறது. உனக்குத் தெரியுமா அது?

திரும்பி வரும்போது பைக்கில் உன்னிடம் பேச்சுக் கொடுத்தேன். "என்னடா சொன்னாங்க?" என்றேன், எல்லாம் கேட்டவன் கேட்காதவன் மாதிரி. "அதெல்லாம் வெளிய சொல்லக் கூடாதுப்பா" என்றாய். முறைப்படி அது சரி. ஆனால் வீடு வரும் வரைக்கும் நீ வேறு எதுவுமே பேசவில்லை. கலியமூர்த்திக்கு ஒரு மத்தியானம் முழுக்கக் கொடுத்தாய், எனக்கு உன் முதுகுப் பையின் பாரத்தை மட்டும் கொடுத்தாய்.

நீ சின்னப் பையனாக இருந்தபோது கேள்வி கேட்டே ஆளைக் கொன்றுவிடுவாய். சைக்கிள் பாரில் உன்னை உட்காரவைத்து ஆற்றில் தண்ணீர் வந்துவிட்டதா என்று பார்க்கப் போவேன். தண்ணீர் ஏன் முதலில் நுரையோடு வருகிறது, மதகைத் தூக்குகிறவர் ராத்திரி எங்கே தூங்குவார், மீனுக்கு மேட்டூர் தெரியுமா, அப்பா, உனக்குச் சின்ன வயசில் யார்மேல் பயம், நீ அழுவியா. "வாயை மூடிக்கிட்டு வா, விழுந்துடப் போறே" என்பேன். எனக்கு வயல் கவலை, உரக் கவலை. கொஞ்சம் கொஞ்சமாக நீயும் வாயை மூடிக்கொண்டாய். அந்தக் கேள்விகள் எங்கே போயின என்று நான் யோசித்ததில்லை. மாட்டுக்கொட்டகையில் உட்கார்ந்திருந்தபோதுதான் தெரிந்தது. என்னிடம் கேட்க வேண்டியதை எல்லாம் ஊரார் வீட்டுக்குக் கொண்டுபோய்க் கேட்டுக்கொண்டிருக்கிறாய்.

சரி, திருக்கடையூரில் நடந்த அறுபதாம் கல்யாணத்துக்கு வருகிறேன். கார்த்திகையில் பிறந்தது என் குற்றமில்லை. அறுபது முடிகிற நட்சத்திரம் மழையில்தான் வரும். வேனில் போகும்போதே நீ செல்போனில் மழைப் படத்தைப் பார்த்துக்கொண்டே வந்தாய். எமனை உதைத்த சாமி முன்னால் நானும் உன் அம்மாவும் மாலையும் கழுத்துமாக உட்கார்ந்திருக்கிறோம். என் ஒரே மகன் எமன் வந்து போன வீடுகளுக்கெல்லாம் போய் வருகிறவன் என்று நினைத்துச் சிரிப்புக்கூட வந்தது. கலச பூஜை முடிந்தது. "பிள்ளை வரட்டும், பிள்ளைதான் முதல்ல தண்ணி ஊத்தணும்" என்றார் குருக்கள். திரும்பிப் பார்க்கிறேன், நீ இல்லை. மண்டபத் தூணுக்கு அந்தப் பக்கம் போனைக் காதில் வைத்துக்கொண்டு நிற்கிறாய். கூப்பிட்டால் கையைக் காட்டுகிறாய், ஒரு நிமிஷம் என்று. குருக்களுக்கு அடுத்த ஜோடி காத்திருக்கிறது. உன் மாமா தண்ணீரை எடுத்து ஊற்றினார். குளிர்ந்த தண்ணீர்தான். எனக்கு உடம்பெல்லாம் கொதித்தது.

யார் போன் என்று நான் கேட்கவில்லை. சாப்பிடும்போது நீ உன் அம்மாவிடம் சொல்லி, அவள் வேனில் என்னிடம் சொன்னாள். கலியமூர்த்தி சம்சாரமாம். மழை பலத்தால் அந்த அம்மா உன்னைக் கூப்பிடுவாராம். அன்றைக்கு அவருடைய வளர்ந்த மகன் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு வயலுக்குக் கிளம்பிவிட்டானாம், நீங்கள் சொன்னால் கேட்பான் தம்பி என்று அழுதாராம். நீ அவனிடம் பேசி, கெஞ்சி, அவன் மண்வெட்டியைக் கீழே வைத்ததை அந்த அம்மா சொன்ன பிறகுதான் போனை வைத்தாயாம். "யாரு தண்ணி ஊத்துனா என்னங்க, ஒரு உசிரு நின்னுச்சுல்ல" என்றாள் உன் அம்மா. அவளுக்குப் பெரிய மனசு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. அன்றைக்கு அப்பன் எனக்கு முன்னால் போய் எடை போட்டான், இப்போது மகனும் எனக்கு முன்னால் வந்து நிற்கிறான் என்றுதான் தோன்றியது. இப்படிப்பட்ட அப்பா உனக்கு.

மறுநாள் மத்தியானம் நடந்ததைத்தான் நான் எழுதியாக வேண்டும், அதற்காகத்தான் இவ்வளவு சுற்று. மழை விட்டு விட்டுப் பெய்துகொண்டிருந்தது. சம்பா நடவு தண்ணீரில் நிற்கிறது என்று எனக்குத் தெரியும், ஆனால் அன்றைக்கே ஓடிப் போய்ப் பார்க்க வேண்டிய அவசரம் இல்லை. நீ கூடத்தில் லேப்டாப்பை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாய். நான் மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு உன் முன்னால் வந்து நின்று, வேண்டுமென்றே, அந்த வார்த்தையைச் சொன்னேன். "ஒரு எட்டு வயலைப் பாத்துட்டு வந்துடுறேன்." எத்தனையோ வீட்டில் எத்தனையோ பேர் வாயால் நீ கேட்டு எழுதிய வார்த்தை. நீ துள்ளி எழுவாய், கையைப் பிடிப்பாய், கலியமூர்த்தி மகனிடம் கெஞ்சியது போல என்னிடமும் கெஞ்சுவாய் என்று எதிர்பார்த்தேன். நீ தலையைத் தூக்கவே இல்லை. "சரிப்பா" என்றாய். காதில் ஹெட்போன் இருந்ததை நான் கவனிக்கவில்லை. கவனித்திருந்தாலும் போயிருப்பேன் என்றுதான் நினைக்கிறேன், அவ்வளவு ரோஷம்.

வடிகால் பக்கத்து மடையை வெட்டலாம் என்று கரையில் கால் வைத்தேன். மண் சோறு மாதிரிக் குழைந்திருந்தது. வலது கால் தொடை வரைக்கும் உள்ளே போய்விட்டது, மண்வெட்டி கையிலிருந்து நழுவித் தண்ணீருக்குள் போய்விட்டது. தூரத்தில் இடி. பக்கத்து வரப்பில் ஒரு ஆள் இல்லை. அப்போது சாமி ஞாபகம் வந்தது, உன் அம்மா ஞாபகம் வந்தது என்று எழுதினால் அழகாக இருக்கும். எனக்கு வந்தது உன் ஞாபகம்தான், அதுவும் உன் கேள்வி. இப்போது நான் போய்விட்டால் இவன் வீட்டில் உட்கார்ந்து அம்மாவிடம் கேட்பான்: அப்பா காலையில் என்ன சாப்பிட்டார்? அவள் இட்லி என்பாள். அது தப்பு. உன் மாமா திருவையாற்றிலிருந்து வாங்கி வந்த அசோகா அல்வாவை, சர்க்கரை இருக்கிறவர் தொடக்கூடாது என்று அவள் மேல் பரணில் ஒளித்து வைத்திருந்தாள். காலையில் அவள் கொல்லைக்குப் போனபோது அதில் பாதியைத் தின்றுவிட்டேன். இட்லியைக் காக்காய்க்குப் போட்டேன். இது இந்த உலகத்தில் யாருக்கும் தெரியாது. என்ன சொன்னார் என்று கேட்டால் சரியாகச் சொல்வாள். ஏன் போனார் என்று கேட்டால்? பயிர் மூழ்கியது, பார்க்கப் போனார் என்பாள். அதுவும் தப்பு. பொறாமையில் போனார் என்று எழுத உன் வேலையில் இடம் இருக்கிறதா? நான் செத்ததைப் பற்றி நீ எழுதுவதில் அந்த ஒரு வார்த்தையைத் தவிர ஒன்றுகூட உண்மையாக இருக்காது என்று தோன்றியதும் எனக்கு அழுகை வந்துவிட்டது. ஒரு காட்டாமணக்குத் தூரைப் பிடித்துக்கொண்டு காலை உருவி எடுத்தேன். செருப்பு உள்ளேயே போய்விட்டது.

சேறும் சகதியுமாக வந்து நின்ற என்னைப் பார்த்து, "எங்கப்பா போனீங்க?" என்றாய். "சொல்லிட்டுத்தானே போனேன்" என்றேன். "எனக்குக் கேக்கலைப்பா." "என்ன சொல்லிட்டுப் போனேன்னு உங்க அம்மாகிட்ட கேளு" என்றேன். அவள் அடுப்படியிலிருந்தே, ஒன்றும் அறியாமல், அந்த வார்த்தையை அப்படியே திருப்பிச் சொன்னாள். உன் முகம் போன போக்கை நான் பார்த்தேன். ஜெயித்துவிட்டேன் என்று ஒரு கணம் தோன்றியது. பிறகு நீ ஹெட்போனைக் கழற்றி மேஜை மேல் வைத்துவிட்டு, வெந்நீர் கொண்டு வந்து, கீழே உட்கார்ந்து, என் காலில் இருந்த சேற்றைக் கழுவினாய். இடது முட்டியைக் கழுவும்போது நான் "ஸ்" என்றேன். நிமிர்ந்து பார்த்தாய். கேட்கப் போகிறாய் என்று நினைத்தேன். நீ கேட்கவில்லை. குனிந்து துண்டை எடுத்து என் காலைத் துடைத்தாய். மறுநாள் விடியற்காலை பஸ்ஸுக்கு நீ கிளம்பும்போது நான் விழித்துக்கொண்டுதான் இருந்தேன், தூங்குவது போல் கிடந்தேன்.

அப்பன் கடிதம் எழுதினால் புத்திமதி இருக்க வேண்டும் அல்லவா, சொல்கிறேன். நாளைக்கு உனக்கென்று ஒரு வீடு வரும். வீட்டிலிருந்து யார் எங்கே கிளம்பினாலும், கடைக்குப் போகிறேன் என்றாலும் சரி, தலையைத் தூக்கி முகத்தைப் பார்த்து வழியனுப்பு. எல்லாச் சாவு வீட்டிலும் போய்க் கேட்கிற உனக்கு இது தெரியாமல் இருக்காது, ஆனால் செய்கிறவனுக்குத்தான் மறந்துபோகும். இரண்டாவது, உனக்குப் பிள்ளை பிறந்து அது சைக்கிளிலோ காரிலோ உட்கார்ந்து தொணதொணவென்று கேட்டால், பதில் தெரியாவிட்டாலும் ஏதாவது சொல்லிக்கொண்டே ஓட்டு. நான் ஓட்டியது போல் ஓட்டாதே. மூன்றாவது என்று ஒன்றும் இல்லை. கலியமூர்த்தி சம்சாரம் கூப்பிட்டால் போனை எடு. எனக்கு வயிறு எரியத்தான் செய்யும், நீ எடு.

நீ வைத்திருக்கிற கேள்விகளில் சிலவற்றுக்கு நானே பதில் தந்துவிடுகிறேன். உடம்புக்கு ஏதாவது இருந்ததா என்றால், இடது முட்டி, அப்புறம் மாடிப்படி ஏறினால் மூச்சு. முந்தின நாள் தூங்கினாரா என்றால், இல்லை. என்ன சட்டை என்றால், போன தீபாவளிக்கு நீ எடுத்துக் கொடுத்தது, அதில்தான் சேறு இன்னும் போகவில்லை. யாரிடமாவது வருத்தமாகப் பேசினாரா, சின்ன வயசில் யார்மேல் பயம், அழுவாரா, இதற்கெல்லாம் எழுதித் தர மாட்டேன். அவை நேரில் உட்கார்ந்து கேட்க வேண்டியவை. எங்கிருந்து சொல்லத் தோன்றுகிறதோ அங்கிருந்து சொல்லுங்கப்பா என்று நீ சொல்ல வேண்டும், பிறகு ஒரு மத்தியானம் முழுக்க வாயைத் திறக்காமல் இருக்க வேண்டும்.

இங்கே நேற்றிலிருந்து மறுபடி நல்ல மழை. பயிர் நுனி மட்டும்தான் தெரிகிறது என்று எதிர்வீட்டிலிருந்து சொல்லிவிட்டார்கள். புது மண்வெட்டி வாங்கிவிட்டேன். இன்று காலையில் அதை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு வாசலில் நின்றேன். அந்த வார்த்தை வாய் வரைக்கும் வந்துவிட்டது. உன் அம்மா வெளியே வந்து பார்த்தாள். "மழை விடட்டும், அப்புறம் போறேன்" என்று சொல்லிவிட்டு அதைச் சுவரோரம் சாத்தினேன். இப்படிச் சொன்னவன் வீட்டுக்கு உன்னைப் போல ஒருத்தன் வந்து உட்கார்ந்து, காலையில் என்ன சாப்பிட்டார் என்று கேட்டு எழுதிக்கொள்வதில்லை, அதற்கு அவன் செத்திருக்க வேண்டும். நான் போகவில்லை, தம்பி. இருந்தாலும் நீ வா.

அப்பா